பட்டிக்குள் வந்த பதிவேடு: ‘பூனாச்சி’யை மறுபடி வாசித்தல்

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ 2016இல் காலச்சுவடு பதிப்பக வெளியீடாக வந்தது. ந. கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளியாகி, அதே ஆண்டு ஜேசிபி இலக்கியப் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே இதை யாரும் அறியாத நூல் என்று சொல்வதற்கில்லை. கவனிக்கப்படாமல் போனது இந்நாவலின் வகை. தமிழில் மிகச் சிலவே உள்ள கொடுங்கனவுப் புதினங்களுள், அதாவது டிஸ்டோபியா நாவல்களுள், இது ஒன்று. அதுவும் கொங்கு மண்ணின் மேட்டாங்காட்டிலேயே முளைத்தது.

இந்த வகை மறைந்துபோனதற்குக் காரணம் நூல் வந்த நேரம். 2010இல் வெளியான அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில் ஆசிரியர் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று இது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அதன்பின் வந்த முதல் நாவல் ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், கடவுள்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம், விலங்குகளில் வெள்ளாடே தொல்லையில்லாதது என்ற பொருளில் அமைந்த முன்னுரை எல்லார் கண்ணையும் ஈர்த்தது. நாவல் முழுவதையும் எழுத்தாளரின் மனக்காயத்தை மறைத்துச் சொல்லும் உருவகமாகப் பலர் படித்தார்கள். மற்றவர்கள் நெஞ்சை உருக்கும் ஆட்டுக்கதையாகப் படித்தார்கள். இரண்டு வாசிப்பும் தவறில்லை. ஆனால் இரண்டுமே நாவலின் உலகை ஆளும் ஆட்சியைக் கதையின் பின்திரையாக ஒதுக்கிவிட்டன.

கதை எளியது. மழை பொய்த்த காட்டில் கிழவியோடு தனித்து வாழும் கிழவனிடம், பூதம் போன்ற உருவமுடைய ஒருவன் பிறந்து ஒரு நாளே ஆன கறுப்புப் பெட்டைக்குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு மறைகிறான். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் ஆட்டின் குட்டி அது. கிழவி அதற்குப் பூனாச்சி என்று பெயரிட்டு வளர்க்கிறாள். குட்டி வளர்கிறது, காதல் கொள்கிறது, ஈனுகிறது, பெற்றவற்றைப் பிரிகிறது. பஞ்சம் வருகிறது. முடிவில் அது கல்லாகிறது. அதிசயத்தில் தொடங்கித் தெய்வமாதலில் முடியும் இந்த வடிவம் நாட்டார் கதைக்குரியது. கொங்கில் ஊருக்கு ஊர் கும்பிடப்படும் கன்னிமாரும் வீரமாத்திகளும் இப்படித்தான் கல்லானார்கள்.

அந்த நாட்டார் கதைக்குள் அரசாங்கம் நுழையும் இடம்தான் நூலின் உயிர்நிலை. அந்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் காது குத்தி எண்ணிட வேண்டும். கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறாள். வரிசை நீள்கிறது. வெயிலில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். யார் காதில் விழுமோ என்று உடனே அடங்கிப்போகிறார்கள். இந்தக் குட்டி எப்படி வந்தது என்ற கேள்விக்கு உள்ளபடி பதில் சொல்ல அவளால் முடியாது. பூதம் கொடுத்த குட்டியை எழுத எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. கொங்குக் குடும்பங்களில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி, குலதெய்வக் கோயில், கிடாய் வெட்டு, சீர், விருந்து. பிள்ளையின் காது குத்துக்கு ஆட்டின் கழுத்து போவது வழக்கம். நாவலில் ஆட்டின் காதே குத்தப்படுகிறது. மடியும் இல்லை, விருந்தும் இல்லை. ஊர் அறிந்த ஒரு சடங்கிலிருந்து உறவை உருவி எடுத்துவிட்டு எண்ணை வைப்பதுதான் இந்த ஆட்சியின் வேலை. யெவ்கெனி சம்யாத்தின் 1920–21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் மனிதர்களுக்குப் பெயரில்லை, எண்தான் உண்டு. அங்கே அதற்குக் கண்ணாடி நகரம் தேவைப்பட்டது. இங்கே ஒரு ஊசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

இன்னும் கூர்மையானது நிறம். கறுப்பாடு இருட்டில் கண்ணுக்குப் படாது, கண்ணுக்குப் படாதது குற்றம் செய்யலாம், ஆகவே கறுப்பாடே கூடாது என்று ஆட்சி கருதியதாக நாவலில் பேச்சு வருகிறது. வெளியூர் வாசகருக்கு இது நிறவெறியைச் சாடும் உருவகமாகப் படும். கொங்கு வாசகருக்கு அது உடம்பில் உறைக்கும். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி வட்டாரத்தின் நாட்டு வெள்ளாட்டினமே ‘சேலம் கருப்பு’. உச்சி முதல் குளம்பு வரை ஒரே கறுப்பு. அந்த மண்ணின் இயல்பான ஆடே அரிதாகவும் ஐயத்துக்குரியதாகவும் ஆகிப்போன நாடு என்றால், அது தன் மண்ணையே மறந்த நாடு. இந்தச் செய்தியை அறியாமல் படிப்பவருக்குப் பூனாச்சி ஒரு அதிசயப் பிறவி. அறிந்து படிப்பவருக்கு அவள் எஞ்சியிருக்கும் கடைசி உள்ளூர்க்காரி.

காதில் எண்ணிடுவது கற்பனையாகவே நின்றுவிடவில்லை. 12 இலக்க ஆதார் எண் 2010 முதல் மனிதர்களுக்கு வழங்கப்பட்டது. 2019 செப்டம்பரில் மதுராவில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை நாடெங்கும் மாட்டின் காதுகளில் பரவலாயிற்று. கோமாரித் தடுப்பூசிக் கணக்குக்கு அந்த வில்லை பயன்படுகிறது. அதை அடக்குமுறை என்று சொல்வது நியாயமாகாது. நாவல் வருவதுரைக்கவும் இல்லை. எண் என்ற எளிய கருவி, அதை ஏந்தும் கையைப் பொறுத்து என்னவாகும் என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியின் வலு ஆண்டுக்காண்டு கூடியிருக்கிறது.

தமிழில் கொடுங்கனவுலகு என்றதும் நினைவுக்கு வருவது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஆனந்த விகடனில் தொடராக வந்து, தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பான கதை. ஈரெழுத்துப் பெயர்கள், ஜீவா என்ற சர்வாதிகாரி, ஜீனோ என்ற எந்திர நாய் என எல்லாம் நகரத்தையும் கணினியையும் சார்ந்தவை. அந்த வெற்றி ஒரு பழக்கத்தையும் உண்டாக்கியது: எந்திரம் இருந்தால் எதிர்காலக் கதை, ஆடு இருந்தால் வட்டாரக் கதை. ‘பூனாச்சி’ வட்டார நாவல் அலமாரிக்குப் போனது இந்தப் பழக்கத்தால்தான். ஜீனோவும் பூனாச்சியும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டியவர்கள். இருவரும் விலங்கு வடிவினர். இருவர் வழியாகவும் மனிதர் இழந்த அன்பு பேசுகிறது. ஜீனோ புத்தியால் வழி தேடுகிறான். பூனாச்சிக்கு அந்த வழி இல்லை.

கொங்குக்கு எதிர்காலச் சிந்தனை புதிதும் இல்லை. ஈரோட்டுக்காரரான பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ 1940களில் நூலாகப் பரவியது. கம்பியில்லாமல் எங்கிருந்தும் பேசும் வசதி, உடற்சேர்க்கையின்றிப் பிள்ளைப்பேறு, உழைப்பு நேரம் சுருங்கிய வாழ்வு ஆகியவற்றை அது நம்பிக்கையோடு வரைந்தது. ஈரோட்டிலிருந்து காவிரியைத் தாண்டினால் சிறிது தொலைவில் திருச்செங்கோடு. ஒரு கரையில் அந்த நம்பிக்கை, மறுகரையில் எழுபது ஆண்டுகள் கழித்து இந்த அச்சம். இவ்விரண்டையும் இணைத்து ஒரு முழுமையான ஆய்வு எழுதப்பட வேண்டும்.

பஞ்சப் பகுதிக்கு வேறு வேர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்குச் சமவெளியில் கோவைப் பகுதிக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். 1876–78இன் பெரும்பஞ்சம் இங்கே ‘தாது வருசப் பஞ்சம்’ என்றே நினைவில் நிற்கிறது. சேலமும் கோவையும் அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்கள். நாவல் வெளியான 2016இலேயே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. கிழவனும் கிழவியும் தழைக்கும் தண்ணீருக்கும் அலையும் பக்கங்கள் எதிர்காலக் கற்பனைபோலத் தோன்றினாலும், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் பட்டி போட்டவர்களுக்கு அவை பாட்டி சொன்ன கதைகள்.

நாவலுக்குக் குறையும் உண்டு. காது குத்தும் காட்சிக்குப் பிறகு ஆட்சி நெடுநேரம் கண்ணில் படுவதில்லை. பூவன் என்ற கிடாயோடு நேரும் காதல் கதையை வேறு திசைக்கு இழுக்கிறது. பஞ்சத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் இறுக்கி முடிந்திருந்தால் நூல் இன்னும் உரம் பெற்றிருக்கும். ஆனாலும் வரிசையில் நிற்கும் அந்தக் கிழவியை ஒத்த காட்சி தமிழ்ப் புனைவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் அறிவியல் புனைவைப் பாடமாக்கும்போது ‘பூனாச்சி’யையும் அதில் சேர்க்க வேண்டும். மாணவர்கள் நூலை எடுத்துக்கொண்டு பட்டிகளுக்குப் போகட்டும். ஆடு மேய்க்கும் பெண்களிடம் காது குத்தும் பகுதியைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே பதிவு செய்யட்டும். தாது வருசத்துக் கதை கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை இன்னும் இருக்கிறது.