புகார் சொல்லும் பிள்ளையை யார் காப்பது?

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து பயிற்சி நடக்குது. எண்ணும் எழுத்தும் பற்றிச் சொன்னாங்க. எமிஸ்ல எதை எப்படிப் பதியணும்னு சொன்னாங்க. எல்லாம் தேவைதான். ஆனா வகுப்பறைக்குள்ள இருக்கிற சாதியை என்ன பண்றதுன்னு யாரும் பேசல. கேட்டா, 'எங்க பள்ளிக்கூடத்துல அதெல்லாம் இல்லீங்க' என்ற ஒரே பதில்.

இல்லையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் கூலிப்படை அல்ல, உடன் படித்த பிள்ளைகள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் முறையிட்ட பிறகுதான் இது நடந்தது. புகார் வந்தால் அதை எப்படி விசாரிப்பது, சொன்ன பிள்ளையை எப்படிக் காப்பது? எந்தப் பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகைக்காரர்களை வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது. சாதிக் கயிறு கூடாது. இப்படிப் பல பரிந்துரைகள். ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் இதுபற்றிப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்களில் எத்தனை பேர் கைக்கு அது வந்திருக்கு?

'எஸ்சி பசங்கள்லாம் எந்திரி, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு.' இதைச் சொல்ற வாத்தியாருக்கு அது ஆபீஸ் வேலை. எழுந்து நிற்கிற பிள்ளைக்கு? நாற்பது பேர் முன்னால சாதிச் சான்றிதழை நெற்றியில ஒட்டின மாதிரி.

கயிறு கதையும் அப்படித்தான். 2019-லேயே பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அது தன் கவனத்துக்கு வரவில்லை என்றார் அன்றைய அமைச்சர். சுற்றறிக்கை மூலைக்குப் போனது. காகிதம் மட்டும் சாதியை ஒழிக்காது, தோழர்களே.

'நான் சாதி பார்க்கிறதில்லை' என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்க பள்ளியில் கழிப்பறையைக் கழுவுவது யார்? 2022-ல் ஈரோடு மாவட்டத்தில், தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அந்தச் சட்டம் 1989-லிருந்து இருக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. இந்த இரண்டையும் பாடமாக வைக்காத பயிற்சி யாருக்கான பயிற்சி?

அடுத்த பயிற்சியில் எழுந்து மூணு விஷயம் கேளுங்க. சந்துரு அறிக்கைக்கு ஒரு நாள் ஒதுக்கு. சட்டம் தெரிந்தவரைக் கூட்டி வந்து பேச வை. புகார் சொல்லும் பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கொடு.

தனியாக் கேட்டா இடமாற்றம் வரும். பத்துப் பேர் சேர்ந்து கேளுங்க. சங்கத்துல தீர்மானம் போடுங்க. சம்பள உயர்வுக்குத் தெருவுக்கு வந்த சங்கங்கள் சேரிப் பிள்ளையின் உயிருக்கும் வரட்டும்.