கான்லிக்குப் பின்னாடி யாரு? ராப் டில்லிங்ஹாமும் அந்த 14 நிமிஷமும்

இது 2025 அக்டோபர், 2025-26 சீசன் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. மறுபடியும் காலைல அஞ்சரைக்கு அலாரம் வெச்சு எந்திரிக்கப் போறோம். அதுக்கு முன்னாடி மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் பத்தி ஒரே ஒரு கேள்வி பேசணும். ராப் டில்லிங்ஹாம் பேக்கப் பாயின்ட் கார்டா தாங்குவானா?

ஏன் இந்தக் கேள்வி முக்கியம்? 2024, 2025 ரெண்டு வருஷமும் இந்த டீம் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் போச்சு. ரெண்டு தடவையும் அங்கேயே நின்னுடுச்சு. முதல் தடவை டல்லாஸ், அடுத்தது ஓக்லஹோமா சிட்டி. மைக் கான்லிக்கு 2025 அக்டோபர்ல 38 வயசு. 2024-25 சீசன்லயே சராசரியா 25 நிமிஷத்துக்குள்ளதான் ஆடினார். பெஞ்ச்ல இருந்து வந்து பந்தைப் பிடிச்சு நடத்திட்டு இருந்த நிக்கீல் அலெக்சாண்டர்-வாக்கர் அட்லாண்டாவுக்குப் போயிட்டார். ஆக, 2025-26 சீசனுக்கு முன்னாடி அந்த நாற்காலி காலியா இருந்துச்சு. அதுல உட்கார வேண்டியவன் அப்போ 20 வயசுப் பையன்.

இவனுக்காகக் கொடுத்த விலையும் சின்னது இல்ல. 2024 டிராஃப்ட்ல எட்டாவது பிக்ல வந்த இவனை ஸ்பர்ஸ்கிட்ட இருந்து வாங்க, எந்தப் பாதுகாப்பும் இல்லாம 2031 முதல் ரவுண்டு பிக்கைக் கொடுத்தாங்க. கூடவே 2030ல ஒரு பிக் ஸ்வாப். 2031 வரும்போது ஆண்டனி எட்வர்ட்ஸுக்கு 30 வயசு நெருங்கிடும். டீம் அப்போ எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அன்னைக்கு இதே மைக் முன்னாடி நான் குதிச்சேன், ஞாபகம் இருக்கா? "கான்லியோட வாரிசு கிடைச்சாச்சு"ன்னு சொன்னேன். அதைக் கொஞ்சம் திருத்திக்கத்தான் இந்த எபிசோடு.

முதல் வருஷம் 49 மேட்ச், சராசரியா பத்து நிமிஷம் சொச்சம், 4.5 பாயின்ட். பிளேஆஃப்ல பெரும்பாலும் வார்ம்-அப் ஜாக்கெட்டோட உட்கார்ந்திருந்தான். இத்தனைக்கும் பெஞ்ச் இவனுக்குப் புதுசு இல்ல. கென்டக்கி காலேஜ்லயும் கிட்டத்தட்ட எல்லா மேட்ச்லயும் பெஞ்ச்ல இருந்துதான் வந்தான். சராசரி 15 பாயின்ட், த்ரீ 44 சதவீதம். ஆனா அங்க அவனோட வேலையே வேற. உள்ள போ, ஸ்கோர் பண்ணு, அவ்வளவுதான்.

பேக்கப் பாயின்ட் கார்டு வேலை அப்படி இல்ல. 48 நிமிஷத்துல ஒரு 14 நிமிஷம்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் ஸ்டார் பிளேயர் மூச்சு வாங்க உட்காரும்போது. ரெண்டாவது குவார்ட்டர் ஆரம்பத்துல எட்டு பாயின்ட் லீடோட பந்தைக் கையில கொடுப்பாங்க. எட்வர்ட்ஸ் திரும்பி வர்றப்போ அந்த எட்டு அப்படியே இருந்தா போதும். நீ அதைப் பதினஞ்சு ஆக்கணும்னு யாரும் கேக்கல.

இந்த வேலைக்கு இலக்கணம் டையஸ் ஜோன்ஸ். மினசோட்டாவுலயே பிறந்து வளர்ந்தவர், கரியரை ஆரம்பிச்சதும் இதே டீம்லதான். உயரம் ஆறடி சொச்சம், பெருசா குதிக்கவும் மாட்டார். ஆனா பந்தைத் தொலைக்க மாட்டார். 2021-22ல மெம்பிஸ்ல ஜா மொரான்ட் ஆடாத 25 மேட்ச்ல டீம் 20 ஜெயிச்சுது. அதுல பெரும்பாலான மேட்ச்ல ஸ்டார்ட் பண்ணது இவர்தான். ஹைலைட் வீடியோல இவரைத் தேடினா கிடைக்கவே மாட்டார்.

டில்லிங்ஹாம் நேர் எதிர். முதல் அடி வேகத்துல அவனைப் பிடிக்கிறவங்க கம்மி. பிரச்சினை அந்த அடிக்கு அப்புறம்தான். பெயின்ட்டுக்குள்ள போனதும் ரெண்டு பேர் மூடுறாங்க, பாஸ் அரை நொடி லேட்டாகுது. ரூடி கோபேர் மாதிரி ஆளுக்கு அந்த அரை நொடிதான் எல்லாமே. சரியான நேரத்துக்கு மேல தூக்கிப் போட்டா டங்க், லேட்டா போட்டா டர்ன்ஓவர்.

அடுத்தது டிஃபென்ஸ். ஆறடி ஒரு அங்குலம், ஒல்லியான உடம்பு. எதிர் டீம் என்ன பண்ணும்? இவன் யாரை மார்க் பண்றானோ அந்த ஆளையே கூப்பிட்டு ஸ்கிரீன் போட வைக்கும். ஸ்விட்ச் ஆனா, ஆறே முக்கால் அடி ஆள் முன்னாடி இவன் நிக்கணும். உயரத்தை மாத்த முடியாது. ஆனா ஸ்கிரீனுக்கு மேல சுத்தி வந்து, ஆளோட இடுப்பை விடாம துரத்துறது பழக்கத்துல வரும். பின்னாடி கோபேர் நிக்கும்போது அது மட்டும் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

இங்கதான் ஒரு சிக்கல். கோச் கிறிஸ் ஃபின்ச்சுக்கு வேற வழியும் இருக்கு. எட்வர்ட்ஸ் பந்தைக் கொண்டு வரலாம், ஜூலியஸ் ராண்டில் வழியா ஆடலாம், டான்டே டிவின்சென்சோவை நகர்த்தலாம். அதனால ரெண்டு தப்பு பண்ணா பையன் வெளிய. ஆனா ஆடாம எப்படிக் கத்துக்குவான்? நம்ம ஆபீஸ்ல பேக்கப் சர்வர்னு ஒண்ணு வெச்சிருப்போம். ஒரு நாளும் அதுக்கு டிராஃபிக்கைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டோம். மெயின் சர்வர் விழுந்த அன்னைக்குத்தான் தெரியும், அதுவும் வேலை செய்யலன்னு. கான்லியோட கால் ஏப்ரல்ல மக்கர் பண்ணா, அன்னைக்குப் போய் இந்தப் பையனைச் சோதிக்க முடியாது. நவம்பர்ல சில மேட்ச் தோத்தாலும் பரவாயில்லன்னு விடணும்.

என் பதில் இதுதான். வாரிசுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பேக்கப்பா? முடியும்னு நினைக்கிறேன், ஆனா ஸ்கோரரா தன்னை நிரூபிக்கணுங்கற எண்ணத்தை அவன் விட்டாதான். பாஸ்டன்ல பேட்டன் பிரிட்சர்டும் இதே உயரம்தான். 2022-23ல அவருக்கு ஒழுங்கா நிமிஷமே கிடைக்கல. 2025ல சிக்ஸ்த் மேன் விருது வாங்கினார். நடுவுல அவர் வளரல, கிடைச்ச வேலையைச் செஞ்சார்.

நீங்களும் இந்த சீசன்ல அவன் எத்தனை பாயின்ட் போட்டான்னு பார்க்காதீங்க. அவன் உள்ள வரும்போது ஸ்கோர் என்ன, வெளிய போகும்போது என்னன்னு மட்டும் குறிச்சு வைங்க. ஜனவரில நோட்டைத் திறந்து பார்ப்போம். நான் மறுபடியும் தப்புன்னா, அதையும் இதே மைக்லயே ஒத்துக்கறேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.