விலை தருவது பெயரே!

நடுவர் அவர்களே! "சரக்கு நல்லா இருந்தாப் போதும், பேர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். சரக்கு என்று அவரே சொல்லிவிட்டதால் நானும் சரக்கிலிருந்தே தொடங்குகிறேன். (சிரிப்பு) தாய்மார்கள் பயப்பட வேண்டாம். குடிக்கிறதைப் பற்றி இல்லை, பெயரைப் பற்றி.

பிரான்சிலே சாரந்த் ஆற்றங்கரையில் கோன்யாக் என்று ஒரு சின்ன ஊர். அந்த வட்டாரத்துத் திராட்சை ஒயினைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் இரண்டு வருஷமாவது வைத்தால்தான் அது கோன்யாக். 1909-லேயே எல்லைக்கோடு போட்டுவிட்டான். கோட்டுக்கு அந்தப்பக்கம் அதே திராட்சை, அதே கொப்பரை, அதே பீப்பாய் என்றாலும், அது வெறும் பிராந்தி!

பிராந்தி ஊர்ப் பெயர் இல்லைங்க. டச்சு மொழியிலே 'சுட்ட ஒயின்' என்று அர்த்தம். வேலியில்லாத பெயர். அதனால்தான் நம் நாட்டிலே சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்ததுகூடப் பிராந்தி என்று விற்கிறது. தரம், தரம் என்கிறீர்களே, அங்கே தரத்தைக் காப்பாற்றினது எது? பேருக்குப் போட்ட வேலி! (கைதட்டல்)

கோவாக்காரர் சும்மா இருந்தாரா? முந்திரிப் பழத்து ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார். பதிவு அலுவலகம் எங்கே இருக்கு? நம்ம சென்னை கிண்டியிலே! (சிரிப்பு)

நான் குருபரப்பள்ளிக்காரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலை மேலே எங்க ஊர். சுற்றுவட்டாரமெல்லாம் மாந்தோப்பு. லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகிற கிளிமூக்கு மாங்காய்க்கு எங்க பக்கம் என்ன பேர் தெரியுமா? 'பெங்களூரா'! மரம் எங்களுது, தண்ணி ஊத்தினது நாங்க, பேர் மட்டும் பக்கத்து மாநிலத்துத் தலைநகருக்கு.

சரி, மல்கோவாவாவது மிஞ்சுமா? சென்னைக்குப் போனால் அது 'சேலத்து மாம்பழம்'! 1965 வரை நாங்க சேலம் ஜில்லாதான், ஒத்துக்கிறேன். அப்புறம் தருமபுரி ஆனோம், 2004-ல் கிருஷ்ணகிரி ஆனோம். பழத்துக்குத்தான் யாரும் தகவல் சொல்லலை! (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறீங்க. 2025 சீசனிலே பெங்களூரா விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டலைன்னு தோப்புக்காரர் புலம்பினார். காய் கெட்டுப்போச்சா? இல்லையே, அதே ருசிதான்! ரத்னகிரி அல்போன்சா பெட்டியிலே ஊர் பேரோட போகுது. 2018-ல் குறியீடும் வந்தாச்சு. எங்க காய் கூழாகி டப்பாவுக்குள்ளே போனபின், எந்த ஊர்க் காய் என்று கேட்க ஆள் ஏது?

மணி அடிக்கிறீர்கள், முடிக்கிறேன். எதிரணி நண்பர் திரும்பிப் போகும்போது சாலையோரக் கடையிலே ரெண்டு கிலோ வாங்கட்டும். என்ன பேர் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று மட்டும் இந்த மேடையிலே சொல்லட்டும்.