உலாவியால் ஓட்டும் வண்டிக்கு உகந்த வானலைக் கருவி



மும்பை மாட்டுங்காவில் வாழும் என் தமக்கையின் மகன் பள்ளி மாணவன். சென்ற கோடை விடுமுறையில் அவன் சிறு ரோபோ வண்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினான். கைப்பேசியின் உலாவியைத் திறந்து, அதில் தோன்றும் பொத்தான்களைத் தொட்டால் வண்டி ஓடவேண்டும் என்பது அவன் ஆசை. கும்பகோணத்தில் இருக்கும் தன் தாத்தாவும் அதை ஓட்டவேண்டும் என்பது இரண்டாவது ஆசை. இதை அவன் பின்னரே வெளியிட்டான்.

லாமிங்டன் சாலையில் அவன் முதலில் வாங்கி வந்தது எச்.சி.-05 என்னும் புளூடூத் பலகை. விலை மலிவு, பயன்படுத்துவோரும் பலர். ஆயினும் உலாவியின் கண்ணுக்கு அது தென்படவேயில்லை. தான் எழுதிய நிரலில்தான் பிழை என்றெண்ணி நான்கு நாட்கள் தேடினான். பிழையோ கடையிலேயே நேர்ந்துவிட்டது.

உலாவி என்பது இணைய நெறிமுறையில் பேசப் பழகிய கருவி. குரோம் போன்ற சில உலாவிகள் குறைமின் புளூடூத் என்னும் புதிய வகையோடு நேரே பேசவல்லன, எச்.சி.-05 பழைய வகை. ஐபோனின் சஃபாரிக்கோ புதிய வகையும் எட்டாது. என்.ஆர்.எஃப். 24 என்னும் வானொலிச் சில்லு விரைவானது, மின்சாரத்தையும் குறைவாகவே உண்ணும். ஆனால் அதன் இணை ஒன்றைக் கணினியில் செருகி, இடையே மொழிபெயர்ப்பாளன் போல ஒரு நிரலையும் அமர்த்தவேண்டும். வெகுதூரம் செல்லும் லோரா கருவிக்கும் இதுவே நிலை. அதனை வாங்குவோர் மற்றொன்றையும் நோக்குக: அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்படும் 915 மெகாஹெர்ட்சு பலகையை நம் நாட்டில் உரிமமின்றி இயக்க இடமில்லை; நமக்கு உரியது 865 மெகாஹெர்ட்சில் தொடங்கும் அலைவரிசை.

ஆதலின், உலாவிக்கு நேரே விடையளிக்கும் வைஃபைச் சில்லே இவ்வேலைக்கு ஏற்றது. எஸ்பிரெசிஃப் என்னும் ஷாங்காய் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266, 2014ஆம் ஆண்டில் பரவலாக விற்பனைக்கு வந்தது. அதன் தம்பியான ஈ.எஸ்.பி. 32, 2016இல் வந்தது. புதிதாக வாங்குவோர் தம்பியையே வாங்கலாம். பொத்தான்கள் உள்ள பக்கத்தை இச்சில்லே தன்னுள் வைத்திருந்து வழங்கும். வீட்டில் இணையமே இல்லாவிடினும், தானே ஒரு சிறு வலையமைப்பை உண்டாக்கும். கைப்பேசியை அதனுடன் இணைத்து 192.168.4.1 என்ற முகவரியைத் தட்டினால் போதும். ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாகக் கதவைத் தட்டாமல், வெப்சாக்கெட் என்னும் திறந்தே இருக்கும் வழியைக் கையாண்டால் வண்டி உடனுக்குடன் திரும்பும்.

இச்சில்லுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. இவ்விரண்டும் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை மட்டுமே கேட்கும். அடுக்குமாடி வீடுகளில் அவ்வலைவரிசை சந்தைக் கூட்டம் போன்றது. ஒன்றோடொன்று கலவாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்க. மற்றொன்று மின்சாரம். செய்தி அனுப்பும் கணத்தில் அது ஏறக்குறைய 300 மில்லி ஆம்பியர் கேட்கும். ஆர்டுயினோ ஊனோ பலகையின் 3.3 வோல்ட் முனையோ 50 மில்லி ஆம்பியர்தான் தரும். மோட்டார்கள் கிளம்புகையில் மின்னழுத்தம் தாழ்ந்து, சில்லு மயங்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சில்லுக்குத் தனி மின்வழங்கி வைத்து, எதிர்முனைக் கம்பிகளை மட்டும் மோட்டாருடன் ஒன்றாக இணைப்பதே முறை.

இவையெல்லாம் செய்தபின், ஒருநாள் மாலை வண்டி கூடத்தைக் கடந்து வாயிலை நோக்கி ஓடியது. அந்நேரம் தொடர்பு அறுந்தது. ‘முன்னே செல்’ என்பதே அது கடைசியாகக் கேட்ட கட்டளை; கீழ்ப்படிதலுள்ள வண்டி, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உருண்டது. கீழே ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. அடுத்த படியில் சக்கரம் சிக்கியதால் தப்பினோம். அன்றிரவே, அரை நொடி கட்டளை வாராதொழியின் மோட்டார் நிற்கவேண்டும் என்ற விதியைச் சில்லுக்குள் எழுதுவித்தேன். உலாவியில் அதை எழுதிப் பயனில்லை; அறுந்துபோவது அந்தப் பக்கத்துத் தொடர்பே அன்றோ?

கும்பகோணத்து ஆசைக்கு இது போதவில்லை. வெளியூரிலிருந்து தானாக வரும் அழைப்பை வீட்டுத் திசைவி உள்ளே விடாது. எனவே வண்டியும் பெரியவரின் உலாவியும் பொதுவான சேவையகம் ஒன்றில் சந்திக்குமாறு அமைத்தோம். கடவுச்சொல் இன்றி அதைத் திறந்து வைத்தால் எவரும் வண்டியை ஓட்டலாம் என்பதால் பூட்டும் போட்டோம். கட்டளை போய்ச்சேரச் சற்றே தாமதமாகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம்.

காணொளி அழைப்பில் பார்த்தவாறே பெரியவர் பொத்தானைத் தொட்டார். வண்டி மாட்டுங்காவில் நகர்ந்து நாற்காலிக் காலில் முட்டி நின்றது. “வலப்பக்கம் திருப்ப எதைத் தொடவேண்டும், தம்பி?” என்றார்.