பின்னிய கையை நினைப்போம்

2016 சனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், பலர் வீட்டிலிருந்து பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி உலக சாதனை படைத்தார்கள். பின்பு அவற்றைத் தேவைப்பட்டோருக்கு வழங்கினார்கள். வாங்கியவர்கள் பின்னியவரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதார்கள் (திப 9:39). அவர்கள் நினைத்தது துணியின் விலையை அல்ல, தைத்த கையை.

நாமோ மொய் நோட்டைப் புரட்டி, கொடுத்ததற்கு வந்தது ஈடா என்று பார்க்கிறோம். கையால் பின்னியதில் ஒருவருடைய ஆயுளின் சில மணி நேரம் இருக்கிறது. அதற்கு ஈடு இல்லை, நன்றி மட்டுமே உண்டு.

வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இன்றிரவு எடுத்துப் பாருங்கள். செய்தவருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள். ஆமென்.