இலையில் அடித்த யூரியா எங்கே போகிறது?

கம்பம் பள்ளத்தாக்கிலே ஒரு பன்னீர் திராட்சைப் பந்தலுக்குப் போயிருந்தேன். இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடந்தது. "என்ன நோய் சார் இது?" என்று கேட்டார் தோட்டக்காரர். நோயே இல்லை. கொடி வெளுத்திருக்கிறதே என்று 10 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ யூரியாவைக் கரைத்து, உச்சி வெயிலில் அடித்திருக்கிறார். அக்கறையில் செய்ததுதான். ஆனால் அளவும் தப்பு, நேரமும் தப்பு.

திராட்சை இலையின் மேல்பக்கம் மெழுகு பூசினாற்போல இருக்கும். மூச்சுத் துளைகள் அடிப்பக்கத்தில்தான் உண்டு. ஆகவே அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். பந்தலுக்கு அடியில் நின்று அடிக்கிற நமக்கு அது சுலபம். கரைசல் ஈரமாக இருக்கிற வரைதான் சத்து நன்றாக உள்ளே இறங்கும். வெயிலில் அடித்தால் சீக்கிரம் காய்ந்து உப்பாகப் படிந்துவிடும். சாயங்காலம் அடியுங்கள்.

உள்ளே போன யூரியா அம்மோனியாவாகி, பிறகு அமினோ அமிலமாக மாறுகிறது. அளவு மீறினால் இலைக்குச் செரிக்காது, கருகிவிடும். 10 லிட்டருக்கு 50 கிராம் போதும். பயூரெட் குறைந்த யூரியாவாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, அந்தச் சத்து எங்கே போகிறது? இளந்தளிர் கிடைத்ததைத் தனக்கே வைத்துக்கொள்ளும். முற்றிய இலைதான் மற்ற பாகங்களுக்குக் கொடுக்கும். காய் நிறம் மாறும் சமயத்தில் குலைக்குப் போகும். அறுவடைக்குப் பிறகு தண்டிலும் வேரிலும் போய்ச் சேமிப்பாகத் தங்கும். கவாத்து செய்ததும் வருகிற முதல் தளிர் அந்தச் சேமிப்பை வைத்துத்தான் எழும்புகிறது. நாமோ பழம் பறித்ததும் பந்தலை மறந்துவிடுகிறோம்! இலை பச்சையாக இருக்கும்போதே அடித்தால்தான் பலன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் 1 கிலோ யூரியா. அதில் தழைச்சத்து 460 கிராம்தான். இது பசி நேரத்துக் காபி மாதிரி. சோறு என்பது தொழுவுரமும் மண்ணில் இடுகிற உரமும்தான்.

அடி இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு என்று சந்தேகிக்கலாம். கரும்பச்சையாகத் தழைத்த கொடிக்கு அடிக்காதீர்கள். அடிச்சாம்பல் நோய்க்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். எதற்கும் முதலில் இரண்டு கொடியில் அடித்து, மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றக் கொடிகளுக்கு அடியுங்கள்.