நிலத்தை விட்டு நீங்காத மூதாட்டி



கருமத்தம்பட்டியிலிருந்து ஈரோடு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் விசயமங்கலம் இருக்கிறது. அங்குள்ள சந்திரப்பிரபர் கோயிலை அறியாத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை நினைவுகூரும் தூண் அக்கோயிலில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக அந்த அம்மையாரின் பெயர் அழியாமல் இருப்பது பெருமைக்குரியது. எனினும் அக்கல் கூறுவது இரண்டே செய்திகள்: அவர் யாருடைய தங்கை, அவர் எவ்வாறு உயிர்நீத்தார். இடையில் வாழ்ந்த வாழ்வுக்குக் கல்லில் இடமில்லை.

குடும்பத்து மூதாட்டியரை நினைவுகூரும் முறை இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்ன நாளில் மறைந்தார் என்பதோடு படத்தின் கீழுள்ள எழுத்து முடிந்துவிடுகிறது. அவ்வாறு சுருக்கிவிட இயலாத ஒரு வாழ்வு இக்கோவை மாவட்டத்திலேயே வாழப்பட்டது. அதை இன்று நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

கருமத்தம்பட்டியிலிருந்து அன்னூர் வழியாக வடமேற்கே சென்றால் மேட்டுப்பாளையம். அதன் அருகே பவானி ஆற்றங்கரையில் உள்ள ஊர் தேக்கம்பட்டி. அவ்வூரின் பாப்பம்மாள், முதல் உலகப் போர்க் காலத்தில் தேவலாபுரத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தேக்கம்பட்டியில் இருந்த பாட்டி வளர்த்தார். பாட்டி நடத்திய மளிகைக் கடை பின்னர் அவர் கைக்கு வந்தது. அதனோடு ஓர் உணவுக் கடையையும் அவர் தொடங்கினார். அந்த இரண்டு கடைகளின் வருவாயில் சிறுகச் சிறுகச் சேர்த்து, சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்.

இச்செய்தியைச் சற்று நின்று எண்ண வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஒரு கிராமத்துப் பெண், எவரிடமும் பங்கு கேளாமல், தம் அடுப்பிலும் தராசிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு நிலத்துக்கு உரியவரானார்.

தமக்கு மகப்பேறு வாய்க்காத அவர், சகோதரியின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். தன்னிச்சையாக வாழ்பவர் உறவை உதறிவிடுவார் என்றும், உறவைப் போற்றுபவர் தம் விருப்பத்தை விட்டுவிட வேண்டும் என்றும் பலர் கருதுகின்றனர். இவ்விரண்டையும் ஒரே வீட்டில் இணைத்து வாழ்ந்தவர் பாப்பம்மாள்.

1959-இல் அவர் தேக்கம்பட்டி ஊராட்சியின் உறுப்பினரானார். பின்னர்க் காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை உறுதிசெய்த அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். ஒதுக்கீடு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் மக்கள் வாக்கைப் பெற்று அவைக்குச் சென்றிருந்தார்.

பள்ளிக் கல்வி பெரிதாக இல்லாத அவர், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்தார். அறிஞர்கள் கூறியதைக் கேட்டார். தம் வயல் கூறியதை அவர்களுக்கு எடுத்துரைத்தார். இரசாயனம் தவிர்த்த இயற்கை வேளாண்மையைக் கைக்கொண்டு, சிறுதானியம், பயறு, கொள்ளு, வாழை, காய்கறி எனப் பலவும் விளைவித்தார். கொள்ளும் பயறும் தம் வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. வீட்டுக்கு உணவையும் நிலத்துக்கு உரத்தையும் ஒருங்கே தருபவை. எதை எதற்குப் பின் விதைப்பது, எந்த மழைக்கு எதை ஒதுக்குவது என்று ஆண்டுதோறும் முடிவெடுப்பதும் ஒரு படைப்புத் தொழிலே. கவிஞனுக்கு ஏடு எப்படியோ, உழவருக்கு வயல் அப்படி.

செஞ்சி, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் உழுது வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உழவில் உயிர்க்கேட்டை முற்றும் விலக்க இயலாது. குறைக்க இயலும் என்பதை உங்கள் முன்னோர் அறிந்திருந்தனர். பூச்சிக்கொல்லி தெளிக்கும்போது மண்புழுவும் தேனீயும் சேர்ந்தே மடிகின்றன. பாப்பம்மாள் சமண நெறியில் பிறந்தவர் அல்லர். ஆயினும் அவர் நிலத்தில் கடைப்பிடித்த முறை, உயிரோம்புதலைப் போற்றும் எவர்க்கும் அயலானதாகத் தோன்றாது.

அவர் வாழ்வில் மிகவும் கருதத்தக்க பகுதி அவரது முதுமை. வயது ஏறிய பின் நிலத்தின் பெரும்பகுதியை அவர் விற்க நேர்ந்தது. ஆனால் இரண்டரை ஏக்கரைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். நூறு வயதைக் கடந்த பின்னும் நாள்தோறும் அந்த வயலில் இறங்கினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது நாடெங்கும் அவரது வயதைக் கண்டு வியந்தது. அந்த வயதிலும் அவரிடம் ஒரு வயல் இருந்தது என்பதே அதனினும் வியப்புக்குரியது. 2024 செப்டம்பர் 27 அன்று அவர் காலமானார்.

இங்கேதான் ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எழுகிறது. 'அம்மா, இனி நீங்கள் ஓய்வெடுங்கள்' என்று அன்போடுதான் சொல்லப்படுகிறது. அந்த அன்பிலேயே முதலில் சாவிக்கொத்து கைமாறுகிறது, பின்னர்க் கணக்குப் புத்தகம், பின்னர்ச் சமையலறை, இறுதியில் 'உங்களுக்கு ஏன் இந்தக் கவலை' என்ற சொல். உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்கின்றன. முடிவெடுக்க மட்டும் எதுவும் மிஞ்சுவதில்லை. வீட்டில் இருந்துகொண்டே அவர் விருந்தாளியாகிவிடுகிறார்.

ஒவ்வொரு மூதாட்டிக்கும் அவருக்கேற்ற இரண்டரை ஏக்கர் ஒன்று உண்டு. அது கொல்லைப்புறத்துச் செடிகளாக இருக்கலாம்; ஊறுகாய்ப் பக்குவமாக இருக்கலாம்; விழா நாளில் இடும் கோலமாக, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக, தம் பெயரில் உள்ள சிறு சேமிப்பாக இருக்கலாம். அதை அவரிடமே விட்டுவைப்பதுதான் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

இன்று இல்லம் திரும்பியதும், இளையோர் தம் பாட்டியின் அருகில் அமர்ந்து சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். முதன்முதலில் தம் சொந்தப் பணத்தில் எதை வாங்கினார்? யார் தடுத்தும் கேளாமல் எதைச் செய்தார்? எவரிடமும் கற்காமல் தாமே கண்டறிந்தது எது? விடைகள் ஒரு பக்கம் வந்தாலும் போதும். விசயமங்கலத்துத் தூணில் இடம்பெறாத வாழ்வு அந்த ஒரு பக்கத்தில் இடம்பெறும்.